இலண்டன் மாநகர் கண்ட கடல்கோள்

கடல்கோள் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே தமிழ் கற்றோர் நெஞ்சம் குமரிக்கோட்டுக்கும் கபாடபுரத்துக்கும் சென்றுவிடுதல் இயல்பு. இறையனார் களவியலுரை கூறும் அச்செய்தியை இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஆண்டுக்கொரு முறையேனும் வகுப்பிற் சொல்லியே ஆகவேண்டும். யானும் சொல்லி வருகின்றேன். கடல் கொண்டதாக மரபு கூறும் நூல்கள் எவையென வினவினால், முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என எம் மாணாக்கர் விரல் மடக்கி எண்ணிவிடுவர். சென்ற ஆண்டு மாணாக்கி ஒருத்தி எழுந்து, "ஐயா, கடல் கொண்ட சனங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள். உரையாசிரியர் நூல்களை எண்ணினாரேயன்றி மாந்தரை எண்ணினாரல்லர் என்று விடை கூறினேன். அவ்விடை அவளுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை, எனக்குந்தான்.

திகதியும் உயிர்க்கணக்கும் ஐயமறப் பதிவாகிய ஒரு கடல்கோளை நாடி யான் வாசிக்கத் தொடங்கியது அவ்வினாவின் பயன். 1928 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி வெள்ளிக்கிழமை கழிந்து சனிக்கிழமை பிறந்த இரவிலே, இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனுள் தேம்ஸ் நதி கரையுடைத்துப் புகுந்தது. பதினால்வர் மூழ்கி மாண்டனர். ஏறத்தாழ நாலாயிரம் பேர் வீடிழந்தனர். ஆயிரக்கணக்கானோரை ஒரு நாளிற் பறிகொடுத்த நம் போன்றோர்க்குப் பதினால்வர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆயினும் அக்காலத்துப் பெருஞ்செல்வ நகரின் நடுவே, அரசவை கூடும் மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தே, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உறங்கிய அறையிலேயே நீரில் மூழ்கினர் என்பதை எண்ணும்போது, தொகையின் சிறுமை மறைந்து செய்தியின் பெருமை புலனாகும்.

இவ்வெள்ளம் வந்த வழியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மலைமேற் கிடந்த வெண்பனியும், கடலில் எழுந்த புயலும், வானிலே நிறைந்த மதியும் ஓரிரவில் ஒன்றுகூடின என்பதே அதன் விந்தை.

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நினைவுக்கு வரும். வெயில் ஏறியதும் அது சுவடின்றி மறையும். பனியால் ஊர் அழியும் என்றால் எம் மாணாக்கர் சிரிப்பர். வட நாடுகளின் வெண்பனியோ வேறு இயல்பினது. அது பஞ்சுபோல உதிர்ந்து, உதிர்ந்த இடத்திலேயே அடைந்து, நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் கிடக்கும். மழைநீர் பெய்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். வெண்பனி குதிரிற் கொட்டிய நெல்போலச் சேர்ந்திருக்கும். குதிரின் வாய் எப்போது திறக்கும் என்பதைச் சூரியனும் காற்றுமே தீர்மானிக்கும். 1927 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று தென் இங்கிலாந்தெங்கும் பெரும் பனிப்பொழிவு நிகழ்ந்தது. தேம்ஸ் நதி ஊற்றெடுக்கும் கொட்ஸ்வோல்ட் குன்றுகளும் அதன்கீழ் மறைந்தன. ஆண்டிறுதியன்று காற்றுத் திடீரெனச் சூடுற்றது. உடன் மழையும் பெய்தது. ஒரு வாரத்துப் பனி நீராகி ஒருங்கே இறங்கிற்று. நதியின் நீரோட்டம் இருமடங்காயிற்று என்று அக்காலத்துச் செய்திகள் கூறும். புதுவருடத்தின் முதல் வாரம் முழுவதும் தேம்ஸ் கரைகளைத் தொட்டுக்கொண்டே ஓடியது.

இலண்டனுக்கு மேற்கே டெடிங்டன் என்னுமிடத்தில் அணை ஒன்று உண்டு. அதற்கு மேலே தேம்ஸ் வெறும் ஆறு; அதற்குக் கீழே அது பாதி ஆறு, பாதி கடல். நாள்தோறும் இருமுறை கடல்நீர் இலண்டன் நகரினூடாக மேலேறி இறங்கும். நம் கரையோர மக்கள் இதனை வற்றும் பெருக்கும் என்பர். ஓதம் என்பது பழைய நூல்வழக்கு. யாழ்ப்பாணக் கடனீரேரியில் வற்றுக்கும் பெருக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டடியைத் தாண்டுவது அரிது. இலண்டன் பாலத்தடியிலோ அது இருபதடியையும் எட்டும். பூரணையிலும் அமாவாசையிலும் பெருக்கு மிகும் என்பதை நம் மீனவர் எவரும் அறிவர். 1928 ஜனவரி 7 பூரணை நாள். நம் பஞ்சாங்கத்தில் மார்கழித் திருவாதிரையை ஒட்டி வந்த பூரணை அது.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆற்றோரத் தெருக்கள் சில நனைந்திருக்கும், வேறொன்றும் நிகழ்ந்திராது. மூன்றாவதாகிய புயலே கேட்டினை நிறைவேற்றியது. தாழமுக்கம் ஒன்று வட கடலின்மேற் சென்றது. வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறையுமாயின் அதன்கீழுள்ள கடன்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். அவ்வாறு உயர்ந்த நீரை வடக்கிலிருந்து வீசும் காற்றுத் தெற்கு நோக்கித் தள்ளும். வட கடலின் வடிவத்தை நிலப்படத்திற் பார்த்தோர், எண்ணெய் வார்க்கும் புனல் ஒன்றினை நினைவுகூர்வர். வடக்கே அகன்றும் ஆழ்ந்தும் இருக்கும் அக்கடல் தெற்கே ஒடுங்கி ஆழங் குறையும். அகன்ற வாயிற் புகுந்த நீர் ஒடுங்கிய வாயால் உடனே வெளியேற மாட்டாது குவிந்தெழும். பூமியின் சுழற்சியும் தெற்கு நோக்கி ஓடும் நீரை அதன் வலப்புறமாகிய இங்கிலாந்துக் கரைமேலேயே சாய்க்கும். தேம்ஸின் கழிமுகம் அக்குவியலின் எதிரே வாய்திறந்து கிடக்கிறது. பெருக்கின் உச்சமும் எழுச்சியின் உச்சமும் நேரத்தால் நெருங்கி அன்றிரவு ஆற்றுக்குள் ஏறின. மேலிருந்து இறங்கும் பனிநீர் அவற்றை எதிர்கொண்டது. நகரின் மேற்புறத்தே ஆற்றுநீரின் பங்கு மிகுதி. கிழக்கே போகப் போகக் கடலின் பங்கு மிகுதி.

இயற்கையின்மேல் மட்டும் பழியை ஏற்றிவிட்டு நகர்தல் நேர்மையாகாது. பல வளைவுகளும் தடித்த தூண்களும் கொண்டிருந்த பழைய இலண்டன் பாலம் ஓர் அரை அணைபோல நின்று கடலேற்றத்தைத் தடுத்துவந்தது. 1831 இல் அதனை அகற்றினர். பின்னர் ஜோசப் பசால்கெட் என்னும் பொறியியலாளர் கழிவுநீர்க் குழாய்களை உள்ளடக்கிப் பெருங்கரைகளை எழுப்பினார். கொள்ளை நோயினின்று நகரைக் காத்த பெருமகன் அவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆறு ஒடுங்கிற்று. ஒடுங்கிய ஆற்றில் நீர் உயர்தல் இயல்பு. கரைச்சுவரின் உயரத்தை 1879 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வரையறுத்தனர். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருங்கப்பல்கள் துறைமுகம் புகுதற்பொருட்டு ஆற்றின் அடியைத் தோண்டி ஆழமாக்கினர். கப்பலுக்குத் திறந்த வழி கடலுக்கும் திறந்த வழியாயிற்று. நம் மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகளும் அவ்வழியே இலண்டன் துறைக்குப் போயின. கொழுந்து பறித்தவர்கள் அந்நதியைக் கண்டதில்லை. நதிக்கரையில் மாண்டவர்களும் தாம் அருந்திய தேநீர் எக்கரங்களாற் பறிக்கப்பட்டது என அறிந்ததில்லை.

நள்ளிரவு கழிந்த பின் நீர் சுவர்களின் மேல் வழியத் தொடங்கியது. வழிந்த நீரினும் உடைத்த நீர் கொடியது. மில்பாங் என்னும் பகுதியில், லாம்பெத் பாலத்தையடுத்து, கரைச்சுவரின் ஒரு பகுதி பெயர்ந்து சரிந்தது. அதன் பின்னே நெருங்கிய சிறு தெருக்களில் ஏழை மக்கள் வாழ்ந்தனர். மில்பாங் பழைய சதுப்பு நிலம். ஆற்றின் பெருக்கு மட்டத்தினும் தாழ்ந்தது. அங்குள்ள வீடுகளுக்கு நிலக்கீழ் அறைகள் இருந்தன. தெருமட்டத்திலிருந்து படியிறங்கிச் செல்லவேண்டிய அவ்வறைகள் செல்வர் இல்லங்களிற் சமையலுக்கும் விறகுக்கரிக்கும் உரியவை. வறியவர் இல்லங்களிலோ அவையே குடும்பம் முழுவதற்கும் உறையுள். வாடகை குறையக் குறைய மனிதர் உறங்கும் இடமும் தாழ்ந்துகொண்டே போயிற்று.

சுவர் சரிந்தபோது நீர் தெருவில் ஏறி வந்து எச்சரிக்கவில்லை. அருவிபோல ஓடிவந்து படிகளில் இறங்கியது. கதவுக்கு அப்பால் நீரின் பாரம், இப்பால் இருள். மேல்மாடியில் உறங்கியோர் ஈரத்தோடு தப்பினர். மாண்டவருட் பெரும்பாலோர் இந்நிலக்கீழ் அறைகளிற் கிடந்தவர்கள். ஒரே இல்லத்துச் சகோதரிகள் நால்வர் அவ்விரவில் ஒருங்கே இறந்தனர். அவருட் சிறு குழந்தையும் இருந்தது. விபரங்களை மேலும் எழுத என் கை எழவில்லை.

பாராளுமன்ற முற்றத்துள்ளும் தொன்மை வாய்ந்த வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்துள்ளும் நீர் புகுந்தது. டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கையில் இருந்து, நம் அரசியற் சீர்திருத்தம் பற்றிச் சாட்சியங் கேட்டுவந்த நாள்கள் அவை. அவர்களை அனுப்பிய ஆட்சியின் மன்றிலே ஆறு சாட்சி சொல்ல வந்தது போலும்! இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழி 1843 இல் வற்றச் செய்யப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உலர்ந்து கிடந்த அது அன்று மீண்டும் நிறைந்தது. ஆற்றடிச் சுரங்கப் பாதைகளிலும் வெள்ளம் பாய்ந்தது.

மில்பாங்கிலே உடைப்புக்கு அண்மையில் நின்றது டேட் ஓவியக் கூடம். சீனி வணிகராகிய ஹென்றி டேட் என்பாரின் கொடையால், பழைய சிறைச்சாலை ஒன்றை இடித்த நிலத்தில் 1897 இல் திறக்கப்பட்டது அது. கீழ்த்தளம் முழுவதும் நீரில் ஆழ்ந்தது. டர்னர் என்னும் பேரோவியர் நாட்டுக்கு விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான சித்திரத் தாள்கள் அங்கே இருந்தன. ஊழியர்கள் விடியுமுன்னரே சேற்றினுள் இறங்கி அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக உலர்த்திப் பெரும்பான்மையைக் காத்தனர். உணவுச்சாலைச் சுவரிலே ரெக்ஸ் விஸ்லர் என்னும் இளைஞர் தீட்டிய நெடுஞ்சித்திரம் திறந்துவைக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதுவும் மூழ்கித் தப்பியது.

தப்பாதவற்றுள் ஒன்றன் கதை வியப்புடையது. ஜோன் மார்ட்டின் என்பார் 1822 இல் தீட்டிய பெரும் படம் ஒன்று, வெசுவியஸ் எரிமலை பொம்பேயி நகரையும் ஹெர்குலேனியத்தையும் அழித்த காட்சி. தீயால் அழிந்த நகரின் ஓவியத்தை நீர் அழித்தது. அழிந்ததென்றே கணக்கில் எழுதிவிட்டனர். நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின், 1973 இல், மார்ட்டினைப் பற்றி ஆராய்ந்த கூடத்து அலுவலர் ஒருவர், சேதமுற்ற திரைச்சீலைகளின் சுருள்களை விரித்துப் பார்த்தார். மார்ட்டினின் படம் அங்கே கிடந்தது. அதனோடு, அழிந்ததாகவே கருதப்பட்ட மற்றொரு படமும் வெளிப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஒன்பது நாள் அரசியாயிருந்து தலையிழந்த ஜேன் கிரே அம்மையின் மரண தண்டனையைப் பிரெஞ்சு ஓவியர் டெலரோஷ் 1833 இல் வரைந்த ஓவியம் அது. கண் கட்டப்பட்ட இளம்பெண் வெட்டுமரத்தைத் துழாவும் அக்காட்சி இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திற் பார்ப்போரை வாய்மூடி நிற்கச் செய்கின்றது. மார்ட்டினின் படத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கிழிந்து போயிருந்தது. இழந்த பகுதியைத் தேர்ந்த கைகள் மீளத் தீட்ட, 2011 இல் அது மீண்டும் காட்சிக்கு வந்தது.

கலைச்செல்வம் மீண்டதில் யான் மகிழ்கின்றேன். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்தோர் மரபிற் படித்தவன் வேறென்ன சொல்வேன்? ஆயினும் இவ்வெள்ளம் பற்றி எழுதப்பட்டவற்றைப் பார்க்குங்கால், கூடத்தின் படங்களுக்கு ஒரு பத்தி, அருகிருந்த தெருவின் பிணங்களுக்கு ஒரு வரி என்னும் அளவையே பல இடங்களிலுங் காண்கின்றேன். முதுநாரையை நினைத்து முதுமக்களை மறந்த நம் கணக்கும் இதுவேயன்றோ?

என் மனத்தை மிக உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கடல் பதுங்கி வரவில்லை. கழிமுகத்து நகராகிய சவுத்எண்டிற் பெருக்கு உச்சமடைந்தபின் இலண்டன் பாலத்தில் அது உச்சமடைய ஒரு மணி நேரத்துக்கு மேற் செல்லும். ஸ்கொட்லாந்துக் கரையில் எழும் எழுச்சி தேம்ஸின் வாயை அடைய ஏறத்தாழ அரைநாள் வேண்டும். தொலைபேசியும் தந்தியும் வானொலியும் இருந்த காலம் அது. உறங்கியோரை எழுப்பத்தக்க ஒழுங்கான ஏற்பாடுதான் இருக்கவில்லை. ஆற்றின் நீர்வழிக்குத் துறைமுக அதிகார சபை பொறுப்பு. சுவருக்குச் சுவரின் உடைமையாளரும் நகர்ப்பகுதிச் சபைகளும் பொறுப்பு. அவற்றுக்கு மேலே இலண்டன் மாகாண சபை. நீர் வருகிறது என்று கதவைத் தட்டுவது யார் பொறுப்பு என்னும் வினா, பதினால்வரையும் எடுத்த பின்னரே பாராளுமன்றத்தில் எழுந்தது.

நற்பேறாக, அவ்வினா வீண்போகவில்லை. மாகாண சபையினர் லிவர்பூல் ஓதவியல் நிலையத்தை நாடினர். அங்கே ஆர்தர் டூட்சன் என்னும் கணித அறிஞர் இருந்தார். செவிப்புலன் மிகக் குன்றியவர். உலகெங்கிலுமுள்ள துறைகளின் வற்றுப் பெருக்கை எண்களாற் கணித்தவர். புயலால் எழும் நீரை மதியால் எழும் நீரினின்று பிரித்து அளக்கும் முறையை அவரும் அவர்க்குப் பின்வந்தோரும் வளர்த்தனர். கடல் சொல்லாமல் வருவதன்று, அதன் வருகையைக் கணிக்கலாம் என்பது அவர்தம் ஆராய்ச்சியாற் தெளிவாயிற்று. அதே டூட்சன் பின்னர் 1944 இல் நோமண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்குதற்குரிய ஓதக் கணக்கையும் வகுத்துக் கொடுத்தார்.

ஆராய்ச்சி வளர்ந்த வேகத்திற் செயல் வளரவில்லை. 1953 ஜனவரி 31 ஆம் திகதி இரவு வட கடல் மீண்டும் எழுந்தது. நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் மாண்டனர். இலண்டனின் நடுப்பகுதி மயிரிழையில் தப்பியது. வேவர்லிப் பிரபு தலைமையிலான குழு ஆற்றின் குறுக்கே தடுப்பு அமைக்கவேண்டுமென்றது. கப்பல்கள் செல்ல எவ்வளவு அகலம் விடுவது என்று ஆண்டுகள் பல வழக்காடினர். வானியற் கணிதராகிய ஹெர்மன் பொண்டியை அழைத்து 1960களில் மீண்டும் ஆராயச் செய்தனர். 1972 இற் சட்டம் வந்தது. வூல்விச்சிலே பத்துக் கதவுகளுடன் 520 மீற்றர் அகலத்துக்கு எழுந்த தடுப்பு 1982 இற் செயற்படத் தொடங்க, 1984 இல் அரசியார் அதனை முறையாகத் திறந்துவைத்தார். 1928 இலிருந்து எண்ணினால் ஐம்பத்தாறு ஆண்டுகள்.

மில்பாங்கின் முகம் அதற்கு நெடுநாள் முன்னரே மாறிவிட்டது. உடைந்த வீடுகளிருந்த ஆற்றோரத்தில் 1930 அளவிற் பெரும் அலுவலக மாளிகைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றாகிய தேம்ஸ் மாளிகை 1994 முதல் பிரித்தானிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சேவையின் தலைமையகம். நாட்டுக்கு வரும் ஆபத்துகளை முன்னறிந்து சொல்வதே அவ்வலுவலகத்தார் தொழில். சற்று உள்ளே, பேஜ் தெருவில், லூட்டியன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் தொழிலாளர் குடும்பங்களுக்காக வகுத்த மாடி வீடுகள் உள்ளன. சாம்பல் நிறச் செங்கல்லும் வெண்சாந்தும் மாறி மாறிச் சதுரங்கப் பலகைபோலத் தோன்றும்.

வூல்விச் பகுதியில் இன்று நம்மவர் பலர் குடியிருக்கின்றனர். அங்கு வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தடுப்பின் கதவுகள் எழுந்து நிற்கும் படத்தை அண்மையில் அனுப்பியிருந்தார். அன்று கடலிற் புயல் இல்லையே, பின் ஏன் மூடினர் என்பது அவர் ஐயம். 1928 இன் வெண்பனியே அதற்கு விடை. கடல் கொந்தளிக்கும்போது மட்டும் அத்தடுப்பை மூடுவதில்லை. மேலே மழையாலோ பனி உருகுவதாலோ ஆறு பெருகிவரும் நாள்களில், கடல் வற்றிய வேளையிலேயே கதவுகளை எழுப்பிவிடுவர். பெருக்கு வெளியே நிற்கும். மலைநீர் வந்து தங்க உள்ளே இடம் ஒழிந்திருக்கும். 2013 இன் இறுதியிலும் 2014 இன் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் மழை ஓயாது பெய்த அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஐம்பது முறை மூடினர். அவற்றுட் பெரும்பாலானவை கடலுக்காக அன்று, ஆற்றுக்காகவே.